லிகோரியின் கிதாரில் என்ன கோளாறு

கழுத்து நேராகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவையும் பார்த்துவிட்டேன், ஒரு கண்ணை மூடி, கிதாரின் அடியைத் தோளில் முட்டுக்கொடுத்து, கம்பிகள் ஓடுகிற நீளம் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில். நேர் என்றால் அப்படி ஒரு நேர். ஒரு மயிரிழை கோணியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், எனக்காவது நிம்மதியாக இருந்திருக்கும். பழைய போர்வையை மேஜையில் விரித்து, தலைப்பக்கம் சின்னத் தலையணை வைத்துக் கிடத்தியிருக்கிறேன். சாப்பிட்ட தட்டை எடுக்க வந்த பிரிசில்லா பார்த்துவிட்டு, "காய்ச்சல் எறங்கிட்டா?" என்று கேட்டாள். பெண்டாட்டிமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேலிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. காய்ச்சல் என்று ஒன்று இருந்தால்தானே இறங்குவதற்கு. வெளியே மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி ஜன்னலில் அடிக்கிறது, பல்லுக்கு நடுவில்கூட நறநறக்கிறது. தூத்துக்குடியில் கிதார் வைத்திருப்பவனுக்குக் காலண்டரில் இரண்டே பருவம்தான், கச்சான் அடித்தால் கட்டை காய்ந்து சுருங்கும், வாடை வந்தால் ஈரம் குடித்து உப்பும், நடுவில் நாங்கள் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியைச் சாவி போட்டு இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருகிக்கொண்டிருப்போம். ஆக கச்சான் மேல் பழியைப் போடலாம். டீ நேரத்துக்கு லிகோரி வருவான், "என்னல ஆசீரு, என்ன கோளாறு?" என்பான், "கச்சான்தாம்ல" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவனும் தலையாட்டுவான். ஆனால் கச்சான் இதை ஒன்றும் செய்யவில்லை. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை எங்கள் ஆட்கள் ஆக்‌ஷன் என்பார்கள், சண்டைப் படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இடைவெளி கூடினால் அழுத்துகிற விரலுக்குக் கஷ்டம், குறைந்தால் கம்பி ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டிகளில் உரசிக் கரகரக்கும். லிகோரியின் புகார் எப்போதும் ஒன்றே ஒன்றுதான், ஆக்‌ஷன் தூக்கியிருக்குல, அழுத்த முடியல. இதோ ஸ்கேலை வைத்துப் பார்க்கிறேன். இதற்குமேல் இறக்கினால் கம்பி கட்டையிலேயே படுத்துவிடும். படுத்த கம்பி பாடாது. இறக்குவதற்கு இனி இடமே இல்லை.

நெய் உறைந்த நிறம் இதற்கு. முதலில் வெள்ளையாக இருந்ததாம். லிகோரியின் தாய்மாமா கப்பலில் சமையல்காரராகப் போனவர், ஜப்பானில் ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்தார், பெட்டியில் கிடந்து கிடந்து மஞ்சளேறி இந்த நிறத்துக்கு வந்திருக்கிறது. இந்த நிறத்தைக் கடையில் வாங்க முடியாது, வாங்கப் பார்த்தேன். என்னிடம் இல்லாததா, காலால் அமுக்கினால் சத்தத்தை இழுக்க ஒரு பெடல், நடுக்க ஒரு பெடல், குகைக்குள் வாசிக்கிற மாதிரி எதிரொலிக்க ஒரு பெடல், அதே எதிரொலியைக் கொஞ்சம் பழசாகக் காட்ட இன்னொன்று. பார்சலெல்லாம் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வரும். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ஒரு அட்டைப்பெட்டி கூடுதலாகக் கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள். பிரிசில்லாவுக்கு எல்லாப் பெடலும் ஒரே பெடல், நிறம் மட்டும் மாறினால் "பெயிண்ட் அடிச்சீங்களோ" என்பாள். வாசிப்பது குறைவு, வாங்குவது அதிகம், எங்கள் வாட்ஸாப் குழுவில் பாதிப் பேர் இந்த ஜாதிதான், காலையில் எழுந்ததும் குட்மார்னிங்குக்குப் பதிலாக யாராவது கம்பியின் சத்தத்தைப் பிடிக்கிற ஒரு பிக்கப்பின் படத்தைப் போடுவான், மற்றவர்கள் எச்சில் விழுங்குவோம். புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும், இனிமேல் நன்றாக வாசிப்பேன் என்கிற வாசனை, ஒரு வாரம் நிற்கும், அப்புறம் பழைய கை பழைய தப்பு. ஆனால் எத்தனை வந்தாலும் மனசு இந்த நெய் நிறத்திடமே திரும்பி வரும். லிகோரியை முதன்முதல் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில், அவன் ரிசப்ஷனுக்கு வாசித்துக்கொண்டிருந்தான், நான் பிரியாணியை விட்டுவிட்டு மேடைக்குக் கீழே போய் நின்றேன், அவனையா பார்த்தேன், இதைத்தான் பார்த்தேன். இறங்கி வந்தவனிடம் பேர்கூடக் கேட்காமல், "இத விக்கிறதா இருந்தா மொதல்ல என்கிட்டத்தான் சொல்லணும்" என்றேன். கிதார்க்காரர்களுக்குள் இது ஒரு வழக்கம். ஒருவன் அப்படிச் சொல்லி மற்றவன் சரியென்றுவிட்டால் அது நிச்சயதார்த்தம் மாதிரி, நடுவில் வேறு யாரும் நுழையக்கூடாது. லிகோரி சிரித்தான். "நான் செத்தா எடுத்துக்கோல" என்றான். பார்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகாதவன் லே போட்டுப் பேசியதில்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பேன், "செத்தியால?" அவன் சொல்வான், "இன்னும் இல்லல, அடுத்த வாரம் பாப்போம்." எத்தனை வருஷமாக இந்த ஒரே ஜோக்கை அரைத்துக்கொண்டிருக்கிறோம், அவன் பெண்டாட்டி அமலிக்கு மட்டும் பிடிக்காது, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கம்பியைத் துடைக்கிறேன். துடைத்ததையே துடைக்கிறேன். முதல் தடவை அவன் கொண்டுவந்தது கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு. வாடைக்காலம், ஊரே நசநசவென்றிருந்தது, கட்டை ஈரம் குடித்திருக்கும் என்றேன், கழுத்தைத் திருகினேன், கம்பியை இறக்கினேன், வாங்கிப் பார்த்துவிட்டு "இப்ப சொகம்ல" என்று சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசிப்பில் அவன் எங்கே நான் எங்கே, ஆனால் திருகுவதில் நான்தான் ராஜா, அவன் கையால் வாசிக்க வேண்டியதை என் கை தயார்செய்து தருகிறது என்கிற பெருமை, இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் மறுபடியும் வந்தான், அழுத்த முடியல என்று. கம்பியே கனம் என்றேன், மெல்லிய கம்பி மாற்றினேன். ஈஸ்டர் கழிந்து மறுபடியும். நுனியில் கம்பி உட்காருகிற பள்ளத்தைத் தேய்த்துத் தாழ்த்தினேன், ஊசி மாதிரி அரத்தை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து, எவ்வளவு ரசித்துச் செய்தேன். அப்புறமும் வந்தான். சுதியையே அரைப்படி இறக்கிவிட்டேன், கம்பி இன்னும் தளரும், பாடுகிறவர்களுக்கும் நல்லது என்று சொன்னேன். இப்போது இருப்பதிலேயே மெல்லிய கம்பி இதில்தான் இருக்கிறது, நூல் மாதிரி. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது, நல்ல காரணம், குழுவில் போட்டால் பத்துப் பேர் கட்டைவிரல் தூக்குகிற காரணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலிலேயே நின்று உறையோடு நீட்டினான், உள்ளே வரவில்லை, "பழையபடி தூக்கிட்டுல, பாரு" என்றான். எப்படித் தூக்கும்? தன்னால் எப்படித் தூக்கும்?

நேற்று நானே வாசித்துப் பார்த்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சோதிக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. பிரிசில்லா கடைக்குப் போயிருந்தாள், ஆம்ப்பைக் கொஞ்சமாகத் திறந்து மடியில் வைத்தேன், கம்பியைத் தொட்டால் போதும், அழுத்தவே வேண்டாம், நினைத்தால் சத்தம் வருகிறது. என் தடிமாட்டு விரல்கள் ஓடின. வருஷக்கணக்காகத் தட்டித் தடவி வராத இடமெல்லாம் வந்தது, நானா வாசிக்கிறேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இதை மடியை விட்டு இறக்கவே மனசில்லை, நெய் நிறம் சட்டையில் ஒட்டிக்கொண்டுவிடும்போல் இருந்தது. இது என்னிடம் இருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான், காலில் முள் குத்திய மாதிரி, அப்படியென்றால் லிகோரிக்கு மட்டும் ஏன் கனக்கிறது? எனக்கே வெண்ணெய் என்றால் அவனுக்கு? ஆம்ப்பை அணைத்தேன். அதன்பின் எதுவும் தனித்தனியாக நிற்கவில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டது. அவன் புல்லட்டை மூலையில் போட்டுவிட்டு அமலியின் ஸ்கூட்டியில் வர ஆரம்பித்தது எப்போது, பெட்ரோல் குடிக்குதுல என்றான், பெட்ரோலா அது, கிளட்சு, கிளட்சு இடது கையில் அல்லவா இருக்கிறது. திருவிழாப் பாட்டுப் பயிற்சியில், ஒரு விரலைப் படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய சுதியிலிருந்த பாட்டை வேறு சுதிக்கு மாற்றினான், பாடுகிற பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்றான், பிள்ளைகள் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் சரித்திர வாத்தியார், போர்டில் எழுதுவது வலது கை, சாப்பிடுவது வலது கை, ஊர் உலகத்துக்கு அவன் இடது கையை எதற்குத் தெரியும். அந்தக் கையைத் தெரிந்தது இந்தக் கட்டைக்கு மட்டும்தான். இது வந்து வந்து என்னிடம் சொல்லியிருக்கிறது, நான் இதன் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். கழுத்து. மனுஷனுக்கும் கழுத்தில் நரம்பு நசுங்கினால் கை இப்படித்தான் சோரும் என்று போனில் தேடினால் எவனோ போட்டிருந்தான், சின்ன விஷயம், சரிசெய்துவிடலாம். அதற்குக் கீழே இன்னொன்றும் போட்டிருந்தான், கை மெலிந்து மெலிந்து, அப்புறம் அடுத்த கை, அப்புறம், போனைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். கவிழ்த்துவைத்த மறுகணம் இந்த மனசு என்ன நினைத்தது தெரியுமா? அப்படியானால் இது எனக்குத்தான். அப்படியே வார்த்தையாக வந்தது. அவன் வாசிக்க முடியாமல் போனால் கிதார் எனக்குத்தான். தூ. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன், கண்ணாடியைப் பார்க்கவில்லை. கழுவி என்ன, நினைத்தது நினைத்ததுதான், இன்றைக்குக் காலையில் கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அது பக்கத்தில் நின்றது.

என் கையைப் பார்க்கிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில், விரலை நெருக்கினால் சதை உப்பிக்கொண்டு வர வேண்டும், அங்கே குழி விழுந்தால் ஆபத்து என்று போட்டிருந்தான். எனக்கு உப்புகிறது. மறுபடியும் நெருக்கிப் பார்க்கிறேன், உப்புகிறது, விளக்கைத் திருப்பி நிழலில் பார்த்தால் கொஞ்சம் குழி மாதிரி, இல்லை, நிழல்தான். பைத்தியம் பிடித்திருக்கிறது. நினைக்க நினைக்க விரலெல்லாம் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது. பிரிசில்லா துவைத்த துணியை மடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா மூஞ்சி சரியில்ல, என்ன, பெருசா எதுவும் வாங்கிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "லிகோரி அண்ணன் வராங்கல்ல, கேளுங்க, இந்த வயசுல என்ன கொஞ்சல்னு. போன வாரம் அந்தக் கல்யாணத்துல பாத்தேன், அமலி அக்காதான் அவுங்களுக்குச் சட்டைக்கைப் பட்டன் மாட்டிவிடுதாங்க. அத்தன பேருக்கு முன்னால. எனக்கே வெக்கமாப் போச்சு."

"எந்தக் கை?" என்றேன்.

"எந்தக் கைன்னா?"

"எந்தக் கைப் பட்டன்னு கேக்கேன்."

"இது என்ன கேள்வி. வலது கை. வாட்ச் கட்டாத கை." முழுக்கைச் சட்டை ஒன்றை மடித்து மேலே வைத்தாள். வலது கை. எனக்குச் சட்டென்று மூச்சு விட வந்தது, வலது கையென்றால் வேறு ஏதோ, சுளுக்கு, ஏதாவது, இடது கைக்கு ஒன்றும் இல்லை, நான்தான் கண்டதையும் கோத்துக்கொண்டு, நாளைக்கே குழுவில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம், எவ்வளவு நேரம், ஒரு சட்டை மடிக்கிற நேரம் இருக்குமா அந்த நிம்மதி. அவள் அடுத்த சட்டையை எடுத்தாள், என் சட்டை, நான் அதன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைப் பட்டனை எந்தக் கை மாட்டும்? என் விரல்கள் மேஜைக்குக் கீழே தானாக வலது மணிக்கட்டுக்குப் போயின, இடது விரல்கள். "அவங்களுக்குள்ள இருந்துட்டுப் போகுது" என்றேன். "அதான் நானும் சொல்லுதேன், நீங்க ஒருநாளாவது எனக்கு" என்று ஏதோ சொல்லிக்கொண்டே துணியோடு போனாள்.

டீ நேரம் நெருங்குகிறது, காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது, ஸ்கூட்டிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன். என்ன சொல்ல? கச்சான் என்று சொன்னால் சிரித்துக்கொண்டு எடுத்துப்போவான், அடுத்த மாசம் மறுபடி வருவான், அதற்குள் அந்தக் கை இன்னும் கொஞ்சம் போயிருக்கும், எதுவாக இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால்தானே, நரம்பு நசுக்கம் என்றாலும் சீக்கிரம் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால்? கிதாரில் கோளாறு இல்லை, உன் கையில்தான் என்று நான் சொன்னால்? யார் சொல்கிறான் பார், வருஷக்கணக்காகச் செத்தியா செத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், முதல் உரிமைக்காரன். அவனுக்குத் தோன்றாமலா இருக்கும். அவனுக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றுமே. உண்மையைச் சொல்லும்போது வாய் ஓரத்தில் அந்த ஆசை எட்டிப் பார்த்துவிட்டால்? முகத்தில் தெரியாமல் சொல்லப் பழகுகிறேன், "லிகோரி, ஒருவாட்டி டாக்டர்ட்ட காட்டிருவோமா", ரொம்ப லேசாக இருக்கிறது, "லிகோரி, கை எப்படில இருக்கு", கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பான், அதோடு போச்சு. கம்பியையெல்லாம் பழையபடி கனமாக மாற்றி, ஏற்றி வைத்துவிட்டால், அப்போதாவது உண்மையிலேயே தூக்கியிருக்கும், அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும், அப்புறம் நான் இறக்கித் தருவேன், அவன் சொகம்ல என்பான், ஒரு மாசம் எல்லாம் சரியாக இருக்கும். சாவியைக்கூட எடுத்துவிட்டேன். கையில் சாவியோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட் சத்தம். "அண்ணே வாங்க, டீ போடுதேன்" என்கிறாள் பிரிசில்லா. செருப்பைக் கழற்றுகிறான், இடது காலை வலது காலால் தள்ளி.

வந்து எதிரில் உட்கார்ந்தான். முழுக்கைச் சட்டை, இந்த வெக்கையில். கேலியாகத்தான் தொடங்கினான். "என்னல, செத்தியான்னு கேக்கல?" என்றான். மேஜையிலிருந்து கிதாரை எடுத்துக் கொடுத்தேன், மடியில் வாங்கி வைத்துக்கொண்டான், வலது கை வந்து தட்டியது, கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே கை, தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. இடது கை கழுத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தது. விரல்கள் இடத்துக்குப் போயின, சரியான இடத்துக்கு, அவன் விரல் இடம் தவறாது, போய் அங்கே சும்மா படுத்துக்கொண்டன. நூல் மாதிரிக் கம்பி. கம்பி பாடவில்லை, டொக் என்று ஒரு சத்தம், இன்னொரு டொக். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் புறங்கையில் ஒரு குழி. நிழல் இல்லை. அவன் என்னைப் பார்க்காமல் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரித்தான், நெற்றி மட்டும் வேர்த்திருந்தது. "நீ எப்பவும் எதையாவது கண்டுபிடிச்சிருவல்ல" என்றான். "வாடைம்ப, கம்பிம்ப. நானும் சரி, ஆசீரே சொல்லிட்டான்னு வீட்டுக்குப் போயி ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன். இப்பவும் எதையாவது சொல்லு. என்ன வேணாலும் சொல்லுல. கிதார்ல ஒன்னும் இல்லன்னு மட்டும் சொல்லிறாத."

எத்தனை இருந்தது என்னிடம் சொல்ல. ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாம், மெட்ராஸுக்கு அனுப்பி மாற்ற வேண்டும் என்றால் ரெண்டு மாசம் தள்ளும், கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜில் உப்புத் துரு என்று சொல்லலாம், கழுத்தே உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம், எல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றன, ஒவ்வொன்றும் அவன் தூங்குவதற்கு ஒரு ராத்திரி. அடுக்களையில் டீ கொதிக்கிற வாசனை. ஆசை எங்கே என்று தேடினேன், அந்த நெய் நிறத்தைப் பார்த்தேன், அது வெறும் கட்டையாக இருந்தது. எனக்குப் பயமாக மட்டும் இருந்தது, அவனை நினைத்துப் பயம், வேறு எதுவும் இல்லை.

"கிதார்ல ஒன்னும் இல்ல லிகோரி" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், ஏதோ விலை கேட்டுக்கொண்ட மாதிரி. கிதாரைப் பக்கத்து நாற்காலியில் மெதுவாகச் சாய்த்தான். அப்புறம் வலது கையால் இடது கைப் பட்டனை அவிழ்த்துச் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, அந்த இடது கையைத் தூக்கி, போர்வையின் மேல், கிதார் கிடந்த இடத்தில், விளக்குக்கு நேராக வைத்தான்.

"அப்ப இதப் பாரு" என்றான்.